ஜன்னலோர நாற்காலிக்குக் கேட்கவில்லை

மாமனாரின் ஸ்கூட்டர் சாவி பறிபோனதற்குக் காரணம் வானிலை அறிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தன் கையால் பெட்டி அடித்து, தன் கையால் கம்பி இழுத்துச் செய்த ஸ்பீக்கர் ஜோடி வழியாக வரும் ரேடியோ. மாமனார் வழக்கம்போல ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் தெருவிலும் காதைச் செய்தியிலும் வைத்திருந்தார்.

"என்னம்மா சொன்னா அவ? மழை வரப்போகுதா, வந்து போயிடுச்சா?"

சாப்பாட்டு மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மகளின் கத்தி நின்றது.

"இப்பத்தானேப்பா சொன்னாங்க. சாயங்காலம் கனமழை. காத்து வேற."

"வாயில பஞ்சை வெச்சுக்கிட்டுப் பேசினா யாருக்குப் புரியும்?"

"நேத்து வாசிச்சவர் வாயிலயும் பஞ்சா?"

"அவன் வாயில மெத்தையே இருந்தது."

மகள் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் சத்தம் மட்டும் மாமனாருக்கு மிகத் தெளிவாகக் கேட்டது.

"ஏய், என்ன பண்றே?"

"வீட்டுக்குள்ள பேசுறதே கேக்கலை. ரோட்டுல லாரி ஹாரன் அடிச்சா எப்படிக் கேக்கும்? காது டாக்டரைப் பார்த்துட்டு வந்து சாவியை வாங்கிக்குங்க."

வேலையில் இருந்த காலமெல்லாம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்தவர் மாமனார். எத்தனையோ ரயில்களைத் தன் குரலால் உள்ளே அழைத்து, வெளியே அனுப்பி வைத்தவர். இப்போது அவருடைய பயணமெல்லாம் ஒரே ஓர் இடத்துக்குத்தான். ஊரின் மறுமுனையில் இருக்கும் செஸ் கிளப். அந்தப் பக்கம் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஸ்கூட்டர் இல்லையென்றால் கிளப் இல்லை. கிளப்பில் அவருக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்கும் நடக்கும் ஆட்டம் பாதியில் நின்றது. குதிரையை நகர்த்தினால் தபால்காரர் கதை முடிந்தது. நகர்த்தப் போகவில்லையென்றால் மாமனார் பயந்து ஓடிவிட்டதாகத் தபால்காரர் வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்வார். அது அவருக்குப் பழகிய வேலை.

காது டாக்டரிடம் போகாமல் இருக்க மாமனார் நிறையக் காரணங்கள் சொன்னார். டாக்டர் கை குளிர்ச்சியாக இருக்கும். வரிசையில் தும்முகிறவர்கள் இருப்பார்கள். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே செய்தியில் பாதி வார்த்தைகள் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன. டாக்டர் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அதைப் பஞ்சு என்று சொல்ல முடியாது.

இந்தச் சமயத்தில் மாப்பிள்ளை வாயைத் திறந்திருக்க வேண்டாம். திறந்தார்.

"மாமா, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. வயசானா எல்லாருக்கும் மேல்சுருதி கேக்குறது கொஞ்சம் குறையும். பெட்டியில குறை இருந்தா நானே சொல்லிடுவேன். அளந்து பார்த்திருக்கேன். கோடு போட்ட மாதிரி இருக்கு."

மாப்பிள்ளைக்கு ஸ்பீக்கர் வடிவமைப்புதான் தொழில். பின்கட்டு அறைதான் பட்டறை. ஹால்தான் சோதனைக்கூடம். ஹாலின் நடுவே, இரண்டு பெட்டிகளுக்கும் சரியான தூரத்தில், ஒரு நாற்காலி இருந்தது. அதன் நாலு கால்களைச் சுற்றியும் தரையில் டேப் ஒட்டியிருந்தார். பெருக்கும்போது அது ஒரு விரற்கடை நகர்ந்தாலும் "யாரு தொட்டது?" என்று பின்கட்டிலிருந்து குரல் வரும். மகள் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்திருந்தாள். அளவெடுக்கும் மைக்கைக்கூட மாப்பிள்ளை அதே சிம்மாசனத்தில்தான், தலை இருக்கும் உயரத்துக்குத் தலையணை அடுக்கி, உட்கார வைப்பார். வீட்டு மனுஷர்களுக்குக் கிடைக்காத தலையணை மைக்குக்குக் கிடைத்தது. சாப்பாட்டு மேஜை சிம்மாசனத்துக்கு நேர் பின்னால் இருந்ததால், மகளுக்கும் எல்லாம் நன்றாகவே கேட்டது. மாமனார் மட்டும்தான் ஓரம்.

"மாப்பிள்ளை பெட்டியில குறை இருக்காது. பொண்ணு கொடுத்தவன்கிட்டத்தான் இருக்கும்" என்றார் மாமனார்.

அன்று மதியமே ஒரு போன் வந்தது. மாப்பிள்ளையிடம் ஸ்பீக்கர் வாங்கிய பல் டாக்டர்.

"சார், உங்க பெட்டியை கிளினிக்ல வெச்சிருக்கேன். நாற்காலியில படுத்திருக்கிற பேஷன்ட் எல்லாம் ஆஹா ஓஹோங்கிறாங்க. பக்கத்துல நிக்கிற எனக்கு மட்டும் பாடகருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி கேக்குது."

"டாக்டர், நீங்களும் ஒரு தடவை அந்த நாற்காலியில படுத்துப் பாருங்களேன்."

"நான் படுத்துட்டா பல்லை யார் சார் பிடுங்குறது?"

மாப்பிள்ளை சமாளித்துப் போனை வைத்தார். பல் டாக்டருக்கும் வயசாகிறது போல, என்று சொல்லிக்கொண்டே போனார்.

"அவருக்கு உங்களைவிட ஆறு வயசு கம்மிங்க" என்றாள் மகள். மாப்பிள்ளைக்கு அது கேட்கவில்லை.

மறுநாள் மாமனார் மல்லுக்கு நின்றார்.

"ஒரே ஒரு கேள்வி மாப்பிள்ளை. அந்த நடு நாற்காலியில நான் ஒரு நாளாவது உக்காந்திருக்கேனா?"

"அது வந்து மாமா..."

"இல்லை. உக்காந்ததில்லை. உங்க மைக்கு உக்காந்திருக்கு. தலையணை உக்காந்திருக்கு. நான் உக்காந்ததில்லை. இன்னைக்கு நான் அங்க. நீங்க ஜன்னல் பக்கம். ஏதாவது போடச் சொல்லுங்க. யாருக்குக் கேக்குதுன்னு பார்த்துடுவோம்."

மாப்பிள்ளை தயங்கினார். மாமனார் எடை கூடியவர். நாற்காலி டேப்பைத் தாண்டி நகர்ந்துவிட்டால்? ஆனால் மகள் ஏற்கனவே சிம்மாசனத்தின் மேலிருந்த தலையணைகளை எடுத்துவிட்டாள்.

மகளின் தொழிலும் சத்தம் சம்பந்தப்பட்டதுதான். நாவல்களை வாசித்துப் பதிவு செய்யும் ஸ்டூடியோவில் அவள் வாசிப்பவள். வார்த்தையை மென்று விழுங்காமல், ஒவ்வோர் எழுத்தையும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி வாசிப்பாள். மாப்பிள்ளை எந்தப் பெட்டி செய்தாலும் முதலில் ஒலிப்பது அவள் குரல்தான். அன்றைக்கும் அவள் வாசித்த ஏதோ ஒரு நாவலின் நடு அத்தியாயத்தைப் போட்டார்கள்.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். கை நாற்காலிப் பிடியை இறுகப் பிடித்திருந்தது. முதல் வாக்கியம் வந்தது. அவர் அசையவில்லை. இரண்டாவது வந்தது. பிடி தளர்ந்தது. மூன்றாவது வாக்கியத்திலிருந்து, அந்தக் குரல் சொல்லச் சொல்ல அப்படியே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார், அதுவும் தன் பழைய ரயில் நிலையக் குரலில். கதாநாயகி படியிறங்கி வந்ததையே முதலாம் நடைமேடைக்கு வந்த மாதிரி அறிவித்தார். ஒரு வார்த்தை தவறவில்லை.

ஜன்னல் பக்கமிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டேன்."

மாமனாரும் மகளும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கதாநாயகி மட்டும் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க சொன்னீங்க?" என்றாள் மகள், மிகவும் அன்பாக.

"இல்லை... நடுவுல நடுவுல சொல் தேயுது. அப்புறம் ஸ், ஷ் மட்டும் சுளீர்னு வருது. உன் குரல் மாதிரியே இல்லையே."

"அடடா. உங்க பைக் சாவி எங்க இருக்கு?"

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் அழுக்கு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அதைத் திரும்பப் போட்டுக்கொண்டபோது, பழைய மாமனார் திரும்பி வந்திருந்தார்.

"மாப்பிள்ளை, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. வயசானா எல்லாருக்கும் மேல்சுருதி கேக்குறது கொஞ்சம் குறையும்."

மகள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் கையை நீட்டினார். "சாவி."

"அதெப்படி? நடுவுல உக்காந்தா உங்களுக்குக் கேக்குது. ஒத்துக்கறேன். ரோட்டுல லாரி நேரா எதிர்ல நின்னு, டேப் ஒட்டிக்கிட்டா ஹாரன் அடிக்கும்? பக்கத்துல இருந்து வந்தா?"

"பக்கத்துல கேக்காதது இவர் பெட்டியோட கோளாறும்மா! உன் புருஷனுக்கே கேக்கலை!"

"அப்போ அவர் சரி பண்ணட்டும். சரி பண்ணினப்புறம் நீங்க உங்க ஜன்னல் நாற்காலியில உக்காந்து, நான் வாசிக்கிறதை முழுசா திருப்பிச் சொல்லணும். சொன்னா சாவி உங்களுது. அப்பவும் கேக்கலைன்னா, குறை காதுல. டாக்டர்கிட்ட போறோம்."

"நீ சாதாரணமா பேசு, எனக்குக் கேக்குதான்னு பாரு. அதுக்கு எதுக்குப் பெட்டி?"

"சாதாரணமா பேசினா உங்களுக்குப் பிடிச்சது மட்டும்தான் கேக்குது. சமையல்கட்டுல பிஸ்கட் டப்பா மூடி திறந்தா கேக்குது. மருந்து சாப்பிட்டீங்களான்னா கேக்குறதில்லை."

ஆக, மாமனாருடைய ஸ்கூட்டர், குதிரை, மானம் மூன்றும் இப்போது மாப்பிள்ளையின் கையில் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் அவற்றை வைத்திருக்கிறோமே என்று அவருக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மாப்பிள்ளைக்கும் மனசு சரியில்லை. ஒரு பக்கம் பல் டாக்டர், ஒரு பக்கம் மாமனார். இரண்டு பேரையும் கிழவர்களாக்கி அனுப்பிவிட்டு, தன் பெட்டியைக் குமரியாக வைத்திருந்தாரே. மறுநாள் காலையில் பட்டறையிலிருந்து ஒரு சுழல் நாற்காலியை ஹாலுக்கு உருட்டி வந்தார். அதில் தான் உட்காராமல் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை உட்கார வைத்தார். மைக்கை எதிரில் ஒரு கம்பில் நிறுத்தினார். பெட்டியைச் சத்தம் போடவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அளந்தார்.

மாமனார் பக்கத்தில் வந்து நின்றார், மேஸ்திரி வேலை பார்க்க.

"என்ன, பெட்டிக்கு முடி வெட்டப் போறீங்களா?"

"நேரா நின்னு மட்டும்தான் மாமா இத்தனை நாளா அளந்தேன். இப்ப எல்லாப் பக்கமும் பார்க்கிறேன்."

கணினித் திரையில், ஒவ்வொரு சுருதியும் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் கோடு ஓடியது. பெட்டி நேராகப் பார்த்தபோது வந்த கோடு மாப்பிள்ளை பெருமைப்பட்ட அதே கோடு, மேடுபள்ளம் இல்லாமல். பெட்டியைத் திருப்பத் திருப்ப, கோட்டின் நடுவில் ஒரு குழி விழுந்தது. ஜன்னல் நாற்காலியின் கோணத்துக்கு வந்தபோது குழிக்குள் லாரியே இறங்கலாம் போல இருந்தது. குழியைத் தாண்டியதும் கோடு சட்டென்று மேலே துள்ளியது.

"இதுதான் நான் சொன்ன பஞ்சு" என்றார் மாமனார், குழியில் விரல் வைத்து.

மாப்பிள்ளை விரலை ஒன்றும் சொல்லவில்லை. திரையை மட்டும் துடைத்தார்.

"மாமா, இந்தப் பெட்டியில ரெண்டு பேர் வேலை செய்றாங்க. கீழே பெருசா இருக்கிற ஊஃபர் தடிச்ச சத்தத்தைப் பார்த்துக்கும். மேலே சின்னதா இருக்கிற ட்வீட்டர் விசில் மாதிரி மெல்லிசான சத்தத்தைப் பார்த்துக்கும். நடுவுல ஓரிடத்துல இவன் அவன்கிட்ட வேலையை ஒப்படைப்பான். மனுஷக் குரல்ல சொல் புரியறதுக்கான சமாச்சாரம் பாதி அந்த இடத்துலதான் இருக்கு."

"ஷிஃப்ட் மாத்துற மாதிரி."

"அதேதான். ஊஃபர் பெரிய தட்டு. சத்தம் மெல்லிசாக ஆக, அது டார்ச் லைட் மாதிரி நேரா மட்டும் அடிக்கும். பக்கத்துல இருட்டு. ட்வீட்டர் சின்னது. அந்த இடத்துல அது குண்டு பல்ப் மாதிரி நாலா பக்கமும் வீசும். நேரா உக்காந்தவனுக்கு டார்ச்சும் ஒண்ணுதான், பல்ப்பும் ஒண்ணுதான். ஓரமா உக்காந்தவனுக்கு..."

"முதல்ல இருட்டு, அப்புறம் கண்ணைக் குத்துற வெளிச்சம்."

"ஆமாம் மாமா."

"இத்தனை நாளா நான் இருட்டுல உக்காந்திருந்தேன். நீங்க என் கண்ணுல கோளாறுன்னு சொன்னீங்க."

"ஆமாம் மாமா" என்றார் மாப்பிள்ளை, இன்னும் மெதுவாக.

"என்ன? கேக்கலை?"

"ஆமாம் மாமா!"

மாமனாருக்கு அந்தக் கடைசி ஆமாமில் பெரிய திருப்தி.

டார்ச்சைப் பல்ப்பாக்க முடியாது. ஆனால் பல்ப்புக்கு ஒரு குடை மாட்டி, டார்ச் எவ்வளவு அகலம் வீசுகிறதோ அதே அகலத்துக்கு அடக்கலாம். ட்வீட்டரைச் சுற்றி ஒரு கிண்ணம். அதுதான் மாப்பிள்ளையின் திட்டம். உடனே பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் சமையலறைக்குப் போய் எண்ணெய் ஊற்றும் புனலை எடுத்து, அதன் அடியிலிருந்த குழாயை அறுத்துவிட்டு, ட்வீட்டரின் மேல் ஒட்டினார். ஒரு பெட்டிக்கு ஒன்று வீதம் வீட்டிலிருந்த இரண்டு புனல்களும் போயின.

மகளின் குரல் ஒலித்தது. கதாநாயகி இப்போது தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு பழைய பாத்திரம் வாங்குகிற மாதிரி கேட்டது.

"இதுக்கு முந்தின ஜலதோஷமே தேவலை" என்றார் மாமனார்.

"என் புனல் எங்க?" என்றாள் மகள். அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. எல்லாக் கோணத்துக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தது.

அடுத்து மாப்பிள்ளை கடைசல் பட்டறைக்குப் போனார். மரத்தைச் சுழல விட்டு உளியால் வடிவம் எடுக்கும் பட்டறை. அதை நடத்தும் அம்மாளுக்குக் கட்டில் கால், கதவுப் பிடி, படிக்கட்டுத் தூண் எல்லாம் அத்துப்படி. மாப்பிள்ளை கொண்டுபோன படத்தை அவர் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"கிண்ணம்னா அடி எங்கே? அடியில ஓட்டை இருக்கே. இதுல என்ன ஊத்துவீங்க?"

"சத்தம் ஊத்துவோம்மா."

"சிந்தினா நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டு மரத்தைக் கடைசல் எந்திரத்தில் பூட்டினார்.

முதல் கிண்ணம் ஆழமாகிவிட்டது. ஒலிக்க விட்டால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கதை சொல்கிற மாதிரி இருந்தது. அடுத்ததில் ஆழம் சரி, ஆனால் வாய் குறுகல், விளிம்பும் கத்தி மாதிரி நின்றது. சத்தம் அந்த விளிம்பில் இடித்துச் சிதறியது. ஒவ்வொன்றையும் சுழல் நாற்காலியில் வைத்துத் திருப்பி அளந்தார்கள். திருப்புகிற வேலையை மாமனார் எடுத்துக்கொண்டார். அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. செஸ் கிளப்பிலிருந்து தபால்காரர் போன் செய்து, "என்ன, உடம்புக்கு முடியலையாமே?" என்று உருக்கமாக விசாரித்திருந்தார்.

"மாப்பிள்ளை, அவன் அனுதாபப்படுறான். என்னால தாங்க முடியலை. சீக்கிரம்."

"ஆகுது மாமா."

"எங்க ஸ்டேஷன்ல ரயில் தாமதம்னாலாவது காரணம் சொல்லுவோம்."

சாப்பிடும்போது மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டின் நடுப்பள்ளம், அது ஏறி வரும் வளைவு, விளிம்பு. பிறகு எழுந்துபோய் ஊஃபரின் மேல் தட்டை வைத்து அகலம் பார்த்தார்.

"அந்தத் தட்டுல சாதம் இருக்குங்க" என்றாள் மகள்.

புதிய கிண்ணத்தின் வாய், ஊஃபரின் அகலத்துக்கே இருந்தது. ஒரே அகல வாய் என்றால் ஒப்படைக்கும் இடத்தில் இரண்டும் ஒரே அளவு விரித்துப் பேசும். விளிம்பு எங்கே முடிகிறது, பெட்டியின் பலகை எங்கே ஆரம்பிக்கிறது என்று கையால் தடவினால் தெரியாதபடி கடைசல்கார அம்மாள் வழித்துக் கொடுத்திருந்தார். கிண்ணம் கிடைத்த தெம்பில் ட்வீட்டரால் இன்னும் கொஞ்சம் கீழ்ச் சத்தத்தையும் தாங்க முடிந்தது. ஆகவே ஊஃபர் முழு டார்ச் ஆவதற்கு முன்பே வேலையை ஒப்படைக்கும்படி மாப்பிள்ளை உள்ளே கம்பிகளை மாற்றிவிட்டார்.

மாமனார் சுழல் நாற்காலியைத் திருப்பினார். திரையில் கோடு மெல்லக் கீழே இறங்கியது. ஆனால் முழுக் கோடும் சேர்ந்து இறங்கியது, மாடியிலிருந்து படுக்கையைச் சுருட்டாமல் அப்படியே இறக்குகிற மாதிரி. குழி இல்லை. துள்ளல் இல்லை. ஓரத்தில் சத்தம் கொஞ்சம் குறையும், குரல் மாறாது.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமனார் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா! கைப்பையைக் கொண்டா!"

மகள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. பழைய நாவல் வேண்டாம், அதை அப்பா மனப்பாடம் செய்துவிட்டார் என்றாள். ஸ்டூடியோவில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்து எடுத்து வந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று இருவரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம். மாமனார் ஜன்னலோர நாற்காலியில், முதுகு நிமிர்ந்து. மாப்பிள்ளை சிம்மாசனத்தில் உட்காரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு ஹாலில் அங்குமிங்கும் நடந்தார். மகள் மேஜையில் சாவியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

குரல் ஒலித்தது.

"அன்புள்ள அப்பா. கீழே வருவதை அப்படியே திருப்பிச் சொல்லவும். நான் இனிமேல் ஹெல்மெட் போடாமல் வண்டியைத் தொட மாட்டேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை காது டாக்டரிடம் போவேன். மருந்தை ஜன்னல் வழியாகத் தொட்டிச் செடிக்குப் போட மாட்டேன்."

குரல் நின்றது. மாமனார் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை நடையை நிறுத்தினார். அவர் நின்ற இடத்தில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஆனால் ஜன்னல் பக்கம்? கிண்ணம் ஏதாவது கழன்றுகொண்டதா? இல்லை, நிஜமாகவே மாமாவின் காதா? அவர் பெட்டியையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டி தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

"அப்பா?" என்றாள் மகள். அவள் குரலும் இறங்கியிருந்தது.

மாமனார் தெருவைப் பார்த்தார். நிறுத்தி வைத்த ஸ்கூட்டரைப் பார்த்தார். மேஜையில் இருந்த சாவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஹெல்மெட் சரி. டாக்டரும் சரி, தொலையட்டும். அந்தச் செடி விஷயத்தை மட்டும் எடுத்துட்டு மறுபடி வாசிக்கச் சொல்லேன்."

மாப்பிள்ளை கத்திய கத்தலுக்குத் தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். மகள் சிரித்துக்கொண்டே சாவியைக் கையில் எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

"திருப்பிச் சொல்லணும்னு பேச்சு."

மாமனார் எழுந்து நின்றார். ரயில் நிலையக் குரலில், ஒரு வார்த்தை விடாமல், மூன்று வாக்கியத்தையும் அறிவித்தார். செடியைச் சொல்லும்போது மட்டும் ரயில் கொஞ்சம் வேகமாகக் கடந்து போனது. சாவி கை மாறியது.

"அது சரி, மருந்து அந்தத் தொட்டிக்குப் போகுதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"செடிக்கு ரத்தக்கொதிப்பு குறைஞ்சு வாடிக் கிடக்குப்பா."

மாப்பிள்ளை இதற்குள் பட்டறைக்கு நழுவப் பார்த்தார். பல் டாக்டருக்குப் போன் செய்து, நீங்கள் நின்றபடியே பல் பிடுங்கலாம், கிண்ணம் வருகிறது என்று சொல்லியாக வேண்டும். மன்னிப்பையும் நடுவில் எங்கேயாவது செருகியாக வேண்டும். சமையலறை வாசலைத் தாண்டும்போது ஸ்பீக்கர் மறுபடி பேசியது. மகள் நிறுத்தி வைத்திருந்த பதிவு இன்னும் முடிந்திருக்கவில்லை.

"அடுத்தது, சமையல்கட்டு வாசல் பக்கமாக நழுவிக்கொண்டிருப்பவருக்கு. எனக்குப் புனல் இரண்டு வேண்டும். இன்றைக்கே. இத்தனை வருஷமாக இந்த வாசலில் நின்றால் நான் சொன்னது எதுவும் உங்களுக்குக் கேட்டதில்லை. இப்போது நீங்களே அதைச் சரி செய்துவிட்டீர்கள். வாழ்த்துகள்."

மாப்பிள்ளை அப்படியே நின்றார். அந்த மூலையில்கூட ஒவ்வோர் எழுத்தும் கழுவித் துடைத்து வந்து விழுந்தது. வேலை அவ்வளவு சுத்தம். அதைக் கேட்கவில்லை என்று சொன்னால் தன் பெட்டியைத் தானே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"எனக்கு இங்கேயே தெளிவா கேட்டது மாப்பிள்ளை" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. மாமனார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க. செஸ் கிளப் போற வழியிலதான் பாத்திரக் கடை. பின்னாடி ஏறுங்க."

போகிற வழியில் மாமனார் திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் உட்கார்ந்து, விளிம்பின் வளைவை இன்னும் கொஞ்சம் வழித்திருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அவர் முதுகில் மோதிக்கொண்டார்.

"என்ன மாமா? ஏன் நிறுத்திட்டீங்க?"

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு லாரி, ஹாரனை அழுத்திக்கொண்டே, அவர்களைத் தாண்டிப் போனது.

"கேக்கலை?" என்றார் மாமனார். "புனல் வாங்கிக்கிட்டு அப்படியே அந்தக் காது டாக்டர்கிட்ட ரெண்டு பேருக்கும் சேர்த்தே நேரம் வாங்கிடுவோம்."